பொட்டு ஒட்டிய கவர்கள்

ஒரு மனிதனின் மண்டையை நான் உடைத்திருக்கிறேன், ஸ்டீல் பெட்பேனால். அவனுடைய அப்பா இறந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம் அது. செகந்திராபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதைக் கேட்டாலும் முதலில் பயம்தான் வரும், புரிவதெல்லாம் பிறகு. காய்ச்சல் வார்டில் வேலை என்றதும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. லாலாகுடாவில் தம்பியின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன். தம்பி மனைவிக்கு எட்டாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாங்காது என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து, பின்பக்கக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன். அப்படியும் அவள் இருக்கும் பக்கம் திரும்பி மூச்சு விடமாட்டேன்.

கடைகளில் மாஸ்க் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் அளந்துதான் வந்தது. ஆளுக்கு ஒரு என்-95, அதை ஐந்து நாள் ஓட்ட வேண்டும். டீ குடிக்கப் போனால்கூட கழற்றி, மருந்துக்கடைப் பேப்பர் கவரில் போட்டு, துணி அறைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டும். ஒருத்தருக்குத் தெலுங்கு படிக்க வரும், ஒருத்தருக்கு உருது, சிலருக்கு எதுவுமே வராது. அதனால் பெயர் எழுதாமல், நெற்றி ஸ்டிக்கர் பொட்டைக் கவரில் ஒட்டிவிடுவோம். வார்டில் வேலை பார்த்த ஆண்கள் பெண்டாட்டி பொட்டைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். என்னுடையது கருஞ்சிவப்பு, நடுவில் வெள்ளைக் கல். டீ டம்ளர் காலியாவதற்குள் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பேன், கவர் இருக்கிறதா என்று.

அந்தப் பெரியவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர், நம் தமிழ்க்காரர்தான். வார்டில் மூன்று நாள் கிடந்தார். அவர் மனைவி வெளியே வராந்தா பெஞ்சிலேயே இருந்தாள். மகன் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன், கழுத்தில் அட்டை தொங்கும். தினமும் என்னிடம் வந்து நிற்பான்.

"ஆயாம்மா, அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு, ஒரு மாஸ்க். பேகம்பேட் பூரா அலைஞ்சாச்சு."

"எங்களுக்கே இல்லீங்க சார்."

மூன்றாம் நாள் காலை பெரியவர் போய்விட்டார். ஒரு தடவை முகம் பார்க்கணும் என்று அந்தம்மா எழுந்தாள். சிஸ்டர் வாசலில் கை நீட்டித் தடுத்தார்.

"நக்கோம்மா, வேணாம். மாஸ்க் இல்லாம உள்ள விடக்கூடாதுன்னு ரூல். நான் என்ன பண்ண?"

துணி அறைக் கதவு திறந்து கிடந்தது. டீ வேளை. கயிற்றில் வரிசையாகக் கவர்கள் தொங்கின. மகன் அதைப் பார்த்துவிட்டான்.

"இது என்னது? மூணு நாளா இல்லேன்னு சொன்னியே."

"எல்லாம் நாங்க போட்டதுங்க சார். பழசு."

"பொட்டு வச்சு மாட்டியிருக்கீங்க. பழசுக்குத்தான் பொட்டு வைப்பாங்களா?"

கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தான். ஆணியோடு பெயர்ந்து வந்தது. பின்னாலிருந்து காலரைப் பிடித்த வார்டு பையனை இரும்பு அலமாரியில் மோதினான். பையன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் ரத்தம், பல் தரையில். மகன் டிராலியை உதைத்தான், சலைன் பாட்டில்கள் உருண்டு உடைந்தன. ஒரு கவரைக் கிழித்து மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அம்மா முகத்தில் அழுத்தினான். எலாஸ்டிக் அவள் கொண்டையில் மாட்டியது. "வேணாம்டா, வலிக்குதுடா" என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் விடவில்லை.

அலமாரியிலிருந்த பெட்பேனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். முதல் அடியில் முட்டி போட்டான், கை தானாக விலகியது. இரண்டாவது அடி புருவத்துக்கு மேல் விழுந்து தோல் பிளந்தது. மூன்றாவதற்குக் கையைத் தூக்கியபோது செக்யூரிட்டி என்னைப் பிடித்துக்கொண்டான்.

அவனைத் தையல் போட அழைத்துப் போன பிறகு சிஸ்டர் மானேஜரிடம் சொன்னார். "வார்டுல போட்ட மாஸ்க்கை அந்தம்மா மூஞ்சில அமுக்கிட்டான் சார். இவ தடுக்கலேன்னா அவங்களுக்கும் ஒட்டியிருக்கும். ஹவ் சார், ஆமா, நல்ல காரியம்தான் செஞ்சா."

எல்லோரும் அப்படியே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் நடந்தது வேறு. கிழிந்த கவர் என் காலடியில் விழுந்தபோது அதிலிருந்த பொட்டைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு, வெள்ளைக் கல். வேறு யாருடைய கவராக இருந்திருந்தாலும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அந்தம்மாவுக்கு என்ன ஒட்டும் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. எனக்கு அது இன்னும் மூன்று நாள் வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது அடி அடித்தபோது அவன் கை மாஸ்க்கிலேயே இல்லை.

அந்தம்மா கொண்டையிலிருந்து எலாஸ்டிக்கை மெல்லப் பிரித்தெடுத்து என்னிடம் நீட்டினாள்.

"உன்னுதாம்மா? வச்சுக்கோ. அவனை இனிமே அடிக்காதே."

வாங்கி, அவள் எதிரிலேயே போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சிஸ்டருக்கு அவளைத் தடுக்க மனம் வரவில்லை. முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். நான் பெரியவர் முகத்துத் துணியை விலக்கினேன். அவள் குனிந்து இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்தாள். முந்தானை நழுவி விழுந்தது. எடுத்து மூடிவிட என் கை எட்டும் தூரம்தான். நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.