கிழிந்த இடது காது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். எலும்போடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது. அடையாளம் தெரியாத மண்டையோடு வந்தால் அதன் வார்ப்பின் மேல் களிமண் வைத்து, உயிரோடு இருந்தபோது முகம் எப்படி இருந்திருக்கும் என்று செய்து கொடுப்பதுதான் ஷார்ஜாவில் என் வேலை. நம்பினால் நம்புங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பாலைவன ஓரத்தில் கிடைத்த ஓர் ஆணின் மண்டையோடு அது. எங்கெங்கே எவ்வளவு சதை இருக்கும் என்று அளவுக் குச்சிகள் ஒட்டி முகத்தை முடித்தேன். காது எப்படி இருந்தது என்று எலும்பு சொல்லாது, அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாதாரணக் காதுதான் வைப்போம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இடது காதின் மடல் கீழே இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஏசிக் காற்று என்று நினைத்தேன், ஆனால் எண்ணெய்க் களிமண் காய்ந்து வெடிக்காது என்பது எனக்கே தெரியும். தடவிச் சரிசெய்தேன். மறுநாள் காலை அதே இடத்தில் அதே பிளவு, அறைச் சாவியோ என் கைப்பையில். மறுபடி சரிசெய்தேன், போட்டோ எடுப்பதற்குள் மறுபடி பிளந்துவிட்டது. போய்த் தொலை என்று எரிச்சலில் அப்படியே போட்டோ எடுத்துப் போலீசுக்கு அனுப்பிவிட்டேன். எலும்பு சொல்லாததை முகத்தில் விடக்கூடாது, எங்கள் தொழிலில் அது பெரிய தப்பு.

அந்தப் படம் லேபர் கேம்ப் வாட்ஸ்அப்களில் சுற்றி, இங்கே ரோலா கடைத்தெருவில் வேலை பார்க்கிற செல்வராசு வந்து நின்றார். அரியலூர்ப் பக்கத்துக்காரர். அவர் தம்பி ஒட்டகப் பண்ணை வேலைக்குப் போய்க் காணாமல் போனவன்.

"இவன்தான் மேடம். சின்ன வயசுல கடுக்கனப் புடிச்சு இழுத்து இந்தக் காதக் கிழிச்சது நான்தான். எங்க அம்மா இன்னும் இவன் வருவான்னு ஒக்காந்திருக்கு. குடுத்துடுங்க, ஊருக்குக் கொண்டு போயிடறேன்."

அவர் ரத்தத்தை எடுத்து டிஎன்ஏ பார்த்தார்கள். சொந்தமே இல்லை என்று வந்தது.

"என் தம்பிய எனக்குத் தெரியாதா மேடம்?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காதை அப்படியே விட்டு ஒரு மனுஷனை இப்படி அழ வைத்துவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சில மாதம் கழித்து வேறோர் இடத்தில் எலும்புகள் கிடைத்தன. செல்வராசுவின் ரத்த விவரம் கைவசம் இருந்ததால் ஒப்பிட்டார்கள், பொருந்திவிட்டது. அவர் தம்பியேதான். ஆனால் தலை இல்லை, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அவர் வந்திராவிட்டால் அந்த எலும்பு யாருடையது என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

எலும்புப் பெட்டியை வாங்க வந்தவர் என்னைத் தேடி வந்தார். "தலையில்லாம அம்மாகிட்ட என்னத்தக் காட்டுவேன் மேடம்? நீங்க செஞ்சது இருக்கா?"

அலமாரியைத் திறந்தேன். கொடுத்தனுப்ப அனுமதி இல்லை என்றதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அந்தக் காதை ஒரு விரலால் தொட்டார். "வாடா, போலாம்" என்றார்.

அவர் போன பிறகு அந்த மண்ணைக் கலைத்துவிட்டு, அதே மண்டையோடு, அதே அளவுகள், மறுபடி செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது வேறு யாரோ ஒருவரின் முகம். அந்தப் படத்தையும் அனுப்பினோம், அவரைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை. இன்றும் அறையைத் திறந்ததும் முதலில் அந்த இடது காதைத்தான் பார்க்கிறேன். ஒரு கீறல்கூட விழவில்லை.