தட்டு நின்ற பிறகு ஓர் அடி

கொத்தமங்கலத்துக் கொல்லர் குருநாதனுக்குச் சம்மட்டி போட்டவள் அவர் மனைவி சோலையம்மாள். அமராவதிபுதூரில் பிறந்தவள். "பொம்பளை அடிச்சு இரும்பு வளையுமாக்கும்?" என்று கேட்ட வாய்வீரர்களெல்லாம், அவள் ஓங்கி அடிப்பதை ஒருமுறை பார்த்ததும் ஏர்க்கொழுவை நீட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கொல்லர் சிறு சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கேதான் சம்மட்டி விழ வேண்டும். தட்டு நின்றால் சம்மட்டியும் நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில், தட்டு நின்றதைக் கவனிக்காமல் சோலையம்மாள் இன்னோர் அடி போட்டுவிட்டாள். அடைகல்லின் மேல் இரும்பைப் பிடித்திருந்த குருநாதனின் இடக்கை ஆள்காட்டி விரல் அன்றோடு போயிற்று. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அதற்குப் பிறகு தட்டு நின்றால் அவள் கை அந்தரத்திலேயே நின்றுவிடும்.

ஊரின் பெரிய வீட்டுக்காரி பெரியாச்சியின் குளியலறைக்கு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது ஓர் இரும்புக் கதவுநிலை. மரம் இற்றுப்போகும், இரும்பு பேரன் காலம் வரைக்கும் நிற்கும் என்பது ஆச்சியின் எண்ணம். நின்றுதான் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து நிலையையும் புளியும் உப்பும் போட்டுத் துலக்கச் சொன்னால் எந்த இரும்பு தாங்கும்? அடிப்பக்கம் துருவேறி அப்பளமாக உதிர்ந்தது.

ஒட்டுப்போடச் சோலையம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்த அன்று குருநாதன் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, ஆச்சியின் மகள் உமையாள் எண்ணெய்த் தலையோடு வந்து நின்றாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நிறைமாதக்காரி. எவ்வளவு நேரம் நிற்பாள்? குருநாதன் வேலையை நிறுத்தினார்.

"குளிச்சுட்டு வாங்க ஆச்சி. தாழ்ப்பாளை மட்டும் போட்டுறாதீக. நெலை சரியில்லை" என்று உமையாளிடம் சொல்லிவிட்டு வெளிக்கட்டுக்குப் போனார்.

உமையாள் கூச்சக்காரி. போட்டுவிட்டாள்.

சுரண்டிய நிலைக்கால் சுவரின் பாரத்தில் இறங்கி, தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டது. குளித்து முடித்தவள் இழுத்தாள், வரவில்லை. உள்ளே, தலைக்குப் புகை போட வேலைக்காரி சிட்டாள் வைத்திருந்த சாம்பிராணிக் கரி கனன்றுகொண்டிருந்தது. உமையாள் பதறிப்போய் அதில் தண்ணீரை ஊற்றினாள். புகை அறை முழுக்க மண்டியது. சாளரமோ கையகலம்.

"ஆத்தா, மூச்சு முட்டுது!"

பெரியாச்சி கதவுக்கு முன்னால் பாய்ந்து நின்றாள். கடப்பாரையோடு ஓடிவந்த ஆட்களைக் கையை விரித்து மறித்தாள்.

"புள்ளை ஈரச்சேலையோட நிக்கிறா. ஒரு ஆம்பளை இங்குட்டு வரப்படாது!"

குருநாதனும் ஆம்பளைதானே? இடைவாசலோடு நின்றவர் கத்தினார். "கடப்பாரை போட்டா மேச்சுவரு அவுக தலையில வந்துரும். சோலை, நீ போ. அளந்து அடி!"

"நீங்க தட்டாம எங்குட்டு அடிக்கிறது?" என்றாள் சோலையம்மாள். தாழ்ப்பாள் முனை எங்கே சிக்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"ஆச்சி, கையில செம்பு இருக்கா? தாழ்ப்பா சிக்குன எடத்துல தட்டுங்க. நான் அங்கனயே அடிக்கிறேன்."

உள்ளே டொங்கென்று கேட்டது. அந்த இடத்தில் அடித்தாள். மேலிருந்து காரை உதிர்ந்தது. மறுபடி தட்டு, மறுபடி அடி. நிலை முனகியது. அடுத்த தட்டு தேய்ந்துபோய்க் கேட்டது. அதற்கும் அடித்தாள்.

பிறகு செம்பு தரையில் உருளும் சத்தம். அதோடு சரி.

சோலையம்மாளின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னடி நிக்கிறே? அடிடீ!" என்று பெரியாச்சி அலறினாள். கை இறங்கவில்லை. இன்னும் பலமாக அடித்தால் சுவர் சரியலாம். அடிக்காவிட்டால் உள்ளே இரண்டு உயிர். அவள் கண்ணுக்கு முன்னால் கதவு இல்லை, அடைகல்லும் ரத்தமும்தான் இருந்தன. இவ்வளவு பயத்தை அவள் பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை. கடைசித் தட்டு கேட்ட இடத்தை மட்டும் நினைவில் பிடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு இறக்கினாள்.

இற்றுப்போன நிலைக்கால் முறிந்து விலகியது. தாழ்ப்பாள் நழுவிக் கதவு திறந்தது. சரிந்த செங்கற்கள் அவள் தோளிலும் வாசலிலும் விழுந்தன. புகைக்குள் புகுந்து, மூலையில் சுருண்டு கிடந்த உமையாளை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். காற்றுப் பட்டதும் உமையாள் இருமினாள். அந்த இருமலைக் கேட்டுப் பெரியாச்சி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பொழுது சாய்வதற்குள் பெண்பிள்ளை பிறந்தது.

தோள் வீக்கம் வற்றியதும் முறிந்த நிலைக்காலுக்குப் புதுத் துண்டு ஒட்ட உலை மூட்டினார்கள். குருநாதன் பழுத்த இரும்பை அடைகல்லில் வைத்தார். சோலையம்மாள் சம்மட்டியோடு தட்டுக்குக் காத்து நின்றாள்.

"ஆச்சி வீட்டுல அடிச்சியே, தட்டு நின்னா நிக்கணும்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் அவர், சிரிக்காமல்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க வெரலுதான் கண்ணுல நின்னுச்சு. கை வரவே இல்லை."

குருநாதன் சிறு சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு நான் தட்டலை. நீயே பாத்து அடி."

அவள் ஓங்கினாள். குறட்டால் இரும்பைப் பிடித்திருந்த அந்த நாலு விரல் கை கொஞ்சமும் அசையவில்லை.