ரஞ்சிதம் டீச்சரின் பிள்ளைகளுக்குக் கண் பார்ப்பது

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்ட வருவதில்லை, சோதனையில் பாஸாக வருகிறார்கள். தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்வார்கள், கண்ணை இடுக்குவார்கள், நான் திரும்பிய நேரம் பார்த்துக் கதிரையை முன்னுக்கு இழுப்பார்கள். இதே தொழிலில் அவதிப்படுகிற உங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கிற எனக்கு மேலதிகமாக ஒரு தொல்லை உண்டு. அது ரஞ்சிதம் டீச்சரிடம் படித்தவர்களுக்குக் கண் பார்ப்பது.

டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தவர். அலவத்துகொடையில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் முஸ்லிம்கள், அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். மேசையில் சின்ன வேதாகமம் ஒன்று இருக்கும். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நோன்பு மாதத்தில் எங்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவருக்கு இருந்தது இரண்டே இரண்டு சட்டம். வாசிப்பதென்றால் எழுந்து நிற்கவேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும், ஊகிக்கக்கூடாது. ஊகித்துப் பிடிபட்டால் ‘தெரியாததைத் தெரியாது என்பேன்’ என்று ஐம்பது தரம் எழுதவேண்டும். நான் எழுதிய கொப்பிகளை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும்.

ஹாஜியாரும் லைட்டும்

ஹாட்வெயார் கடை ஹாஜியார் ஊரில் பெரிய மனிதர், ஆளும் பெரியவர். கதிரையில் இருத்தி, ஒரு கண்ணை மூடி, எதிரே தொங்கும் பலகையில் உள்ள எழுத்துகளை வாசிக்கச் சொன்னேன். சடாரென்று எழுந்தார். மேலே தொங்கிய லைட் மண்டையில் பட்டு ஊஞ்சலாடியது. மெல்லப் பிடித்து இருத்தினேன். அடுத்த வரி என்றதும் மறுபடி எழும்பினார், மறுபடி லைட்.

மூன்றாம் முறை தோளில் கை வைத்து அமுக்கிக்கொண்டே வாசிக்கச் சொன்னேன். வியர்த்துவிட்டதே தவிர ஓர் எழுத்தும் வெளியே வரவில்லை. கடைசியில் லைட்டைக் கழற்றி, என் மேசைக்கு மேலே மாட்டிவிட்டேன். அவர் நெற்றியைத் தடவியபடி சொன்னார்: “இருந்துக்கிட்டு வாசிச்சா எனக்கு வாய் தொறபடுதில்ல மகன். டீச்சர் கண்டா என்ன சொல்ற?”

ஸரீனாவின் சந்தேகம்

ஸரீனா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது கெலிஓயாவில் கலியாண உடுப்புத் தைக்கிறாள். ஊசியில் நூல் கோர்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று வந்தாள். பலகையின் இரண்டாவது வரியிலேயே தெரியாது என்றாள். மூன்றாவது வரியும் தெரியாது. பாவம், பார்வை இவ்வளவு மோசமா என்று நினைத்து, நல்ல தடிப்பான கண்ணாடியாகக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். கண்ணாடியைப் போட்டால் தரை எழும்பி வருகிறதாம், யாரோ ஒரு மணமகளின் சட்டைக்குக் கையை முதுகில் வைத்துத் தைத்துவிட்டாளாம். திரும்பச் சோதித்தால், அந்த வரிகள் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கின்றன. நூற்றுக்கு நூறு நிச்சயமில்லை என்பதற்காகத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அதைவிட அதிகம் வந்தது. “கொஞ்சம் சந்தேகம் எண்டாலும் தெரியாதெண்டு சொல்லோணும் எண்டுதானே டீச்சர் படிச்சுத் தந்த. நீங்களும் அங்கதானே படிச்ச, ஒங்களுக்கு விளங்கியிருக்கோணுமே.”

டீச்சரே வந்தார்

போன வருடம் ஒரு காலையில் டீச்சரே வந்தார். தனியாக, பஸ்ஸில். கடைப் படியைக் காலால் இரண்டு முறை தடவிப் பார்த்து ஏறினார். வருடக்கணக்காகத் தேவாலயத்தில் ஞாயிறு வாசகம் வாசிக்கிறவர், அண்மையில் ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டாராம். கண் நன்றாக இருக்கிறது என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுகிறோம் என்று பாதிரியார் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாசகத்துக்காகத்தான் வாரம் முழுக்க உயிரோடிருக்கிறேன் என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வந்தால், டீச்சர் பலகைக்குப் பக்கத்தில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மாட்டியிருக்கும் கலண்டரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு தூரத்தில் நிறுத்தி வலது கண்ணைச் சோதித்தேன். கடைசி வரிவரை ஒரு பிழையில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடது கண்ணுக்கு வழக்கம்போலப் பலகையை மறுபக்கம் திருப்பிவிட்டேன், அதில் வேறு எழுத்துகள். டீச்சர் நிமிர்ந்து நின்று, முன்பக்கத்து எழுத்துகளை முதலிலிருந்து கணீரென்று ஒப்புவித்தார்.

டோர்ச் அடித்து அவர் கண்களைப் பார்த்தேன். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும், டீச்சரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் பொய் எழுத எனக்குச் சொல்லித் தராமல் விட்டவரும் அவர்தான். பலகையைத் திருப்பிவிட்டதைச் சொன்னேன். கண்ணில் வெண்படலம் நன்றாக முற்றிவிட்டது, கண்டியில் டொக்டரிடம் காட்டிச் சத்திரசிகிச்சை செய்தால் பார்வை திரும்பிவிடும் என்றும் சொன்னேன். கத்திக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். டீச்சர் கைப்பையைத் தடவிப் பேனையை எடுத்தார். பிறகு கேட்டார்: “அப்ப நானும் ஐம்பது தரம் எழுதவேணுமோ, நியாஸ்?”

ஐம்பது வரி

நான் அதைப் பகிடி என்று நினைத்து மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, கறுப்புக் கண்ணாடியோடு படியில் நேராக ஏறி வந்து, ஒரு கொப்பியை மேசையில் போட்டார். விரித்தேன். முதல் பத்து வரிகள் சத்திரசிகிச்சைக்கு முந்தின நாள் எழுதியவையாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கோட்டை விட்டு வழிந்து, ஓரத்தில் மேசையிலும் எழுதியிருப்பார் போல. பதினொன்றாவதிலிருந்து ஐம்பது வரை, பள்ளிக்கூடக் கரும்பலகையில் நாங்கள் பார்த்த அதே கையெழுத்து, கோட்டின்மேல் நேராக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்க, இனி வேறு சோதனை எதற்கு என்று பாதிரியாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி நிமிர்ந்தால் டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நரை, வழுக்கை, கண்ணுக்குக் கீழே உள்ள பை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: “உமக்கு இவ்வளவு வயசு போயிட்டுது எண்டு எனக்குத் தெரியாது. சரி, கொப்பியைத் திருத்தித் தாரும்.”

எத்தனையோ வருடமாக ஊராரைக் கதிரையில் இருத்தியே கண் சோதித்து வருகிற நான், அந்த ஐம்பது வரிக்கும் சிவப்புப் பேனையால் சரி போடும்போது மட்டும் எழுந்து நின்றிருந்தேன் என்பதை, லைட் மண்டையில் பட்ட பிறகுதான் கவனித்தேன்.