பெட்டி முன்னால் ஒரு கேள்வி

எங்கள் பாஸ்டர் எதற்கும் பதில் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டையில் துடைப்பார். எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகையில் அடிபட்டு இறந்த என் அண்ணனின் சவப்பெட்டி முன்னாலும் துடைத்தார்.

"அவன் ஞானஸ்நானம் எடுக்கல பாஸ்டர். இப்ப எங்க இருக்கான்?" என்று அம்மா கேட்டுவிட்டார்.

எடுக்காதவர்களுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று போன ஞாயிறுதான் பாஸ்டர் வசனம் வசனமாக விளக்கியிருந்தார்.

கண்ணாடியைப் போடாமலே அவர் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நீங்க அவன வெளியில நிறுத்துவீங்களாம்மா?"

"பெத்தவ எப்படி நிறுத்துவேன்?"

"ஆண்டவர் மட்டும் நிறுத்துவாரா?"

அம்மா அப்போதுதான் அழுதார்.

பாஸ்டர் கிளம்பும்போது வாசல் கேட் அருகே அவரை மறித்தேன். "ஞாயித்துக்கிழமை வேற மாதிரி சொன்னீங்களே?"

மறுபடி துடைத்தார். "அன்னிக்கு முன்னால பெட்டி இல்லப்பா."

இரண்டில் எதை அவர் நம்பினார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.