கப்பல் கொண்டுவந்த கூட்டல்

கணித ஆராய்ச்சியில் முதலில் வந்தவனுக்குத்தான் பெயர். ரேஷன் கடை வரிசையில் நின்று, தன் முறை வரும்போது மண்ணெண்ணெய் தீர்ந்துபோனவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

பெண் பார்த்த அன்று

எழுபதுகளின் நடுவில் எனக்கு எர்ணாகுளத்துக் கல்லூரி ஒன்றில் வேலை, மட்டாஞ்சேரியில் வீடு, நடுவே தினமும் படகுப் பயணம். பெண் பார்க்கப் போனபோது, யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகுக் கிடங்கு மேஸ்திரியாக இருந்த சரோஜாவின் அப்பா, என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். கூட்டல் என்றேன். சில எண்களை ஒன்றோடொன்று கூட்டினால் விதவிதமாக விடைகள் வரும். விடைகள் ரொம்பக் குறைவாக வந்தால் அந்த எண்களுக்குள் ஏதோ ஒழுங்கு இருக்கிறது, அது என்ன ஒழுங்கு என்று தேடுகிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்:

"மாப்பிள்ளை இன்னும் கூட்டல்லதான் நிக்கிறாரு. பரவாயில்ல, ஆளு தங்கமா இருக்காரு."

ஆறிப்போன சாயா

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிரூபணத்தில் ஓர் ஓட்டை மட்டும் அடைபடாமல் பாடாய்ப் படுத்தியது. படகுத்துறைக் கடையில் சாயாவை வாங்கி வைத்துக்கொண்டு, உதடு அசையக் கூட்டிக்கொண்டிருப்பேன். படகு என்னை விட்டுவிட்டுப் போய்விடும். கடைக்காரச் சேட்டன் பல நாள் பார்த்தார். ஒருநாள் ஆறிய கிளாஸை எடுத்துவிட்டுச் சூடாக வேறொன்று வைத்து, குனிந்து மெதுவாக, பாதித் தமிழில் கேட்டார்:

"எந்தா சாரே, சம்சாரம் பிணங்கிப் போயோ?"

பம்பாய் வழியாக

ஒரு மழைநாளில், படகில் நனைந்துகொண்டு நிற்கும்போது நிரூபணத்தின் ஓட்டை அடைபட்டது. சரோஜாவுக்கு அல்வா வாங்கிப் போனேன். டைப் அடித்து, குறிகளைக் கையால் போட்டு, வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புவதுதான் பாக்கி.

எங்கள் துறைமுகத்தில் எப்போதும் கப்பல் நிற்கும். ஆனால் கணிதச் சஞ்சிகை மட்டும் பம்பாயில் இறங்கி, ரயிலேறி, மாதக்கணக்கில் தாமதித்துத்தான் கல்லூரிக்கு வரும். அந்த வாரம் வந்த இதழைப் பிரித்தேன். உள்ளே என் தேற்றம், ஒரு ஹங்கேரிக்காரர் பெயரில். நிரூபணமும் என்னுடையதைவிடச் சின்னது.

வீட்டுக்கு வந்து, இத்தனை வருஷமும் வீண் என்று சரோஜாவிடம் சொன்னேன். கப்பைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீங்க போட்ட கணக்கு சரின்னு ஆயிடுச்சே. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

மறுநாள் புதுக் கேள்வியோடு சேட்டன் கடையில் உட்கார்ந்து, சாயா மறுபடியும் ஆறிப்போனபோதுதான் தோன்றியது: ஹங்கேரியில் சாயா அவ்வளவு சீக்கிரம் ஆறாது போலிருக்கிறது.