வீம்பின் பன்னிரண்டாவது வாரம்

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

அவள் எலும்பு ஆராய்ச்சிக்காரி. செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் சின்னப் புரதத் துண்டு ஒன்றைக் கடற்பாசிச் சர்க்கரையோடு கோத்து நீலப் பசை செய்திருந்தாள். எலும்பில் இடைவெளி விழுந்த இடத்தில் வைத்தால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், புது எலும்பு வளரும் என்பது அவள் நம்பிக்கை. அதற்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். நாலு வருட உழைப்பு அந்தப் பன்னிரண்டு வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சோதனைக்கு ஒரு செம்மறியாடு. தீவனம் போட்டால் முறைத்துக்கொண்டு நிற்கும். ஆட்கள் போன பிறகுதான் தின்னும். அதனால் பெயரே வீம்பு. பின்னங்கால் தொடை எலும்பில் இடைவெளி வெட்டிப் பசை வைத்து, தகடும் ஆறு திருகும் போட்டதிலிருந்து மூன்று காலை ஊன்றி, ஒன்றை இழுத்து நடந்தது.

ஆறாவது வாரம், அவள் விடுப்பில் இருந்தபோது, ஆய்வகத்தின் இயக்குநர் ஊசி போட்டு ஆட்டை முடித்துவிட்டார்.

"கொட்டகை வேற வேலைக்கு வேணும்மா. ஒண்ணும் வளரல. தோல்வின்னு எழுதி மூடிடு."

"பன்னெண்டு வாரம்னு நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க. மூட மாட்டேன்."

முழங்காலுக்கு மேலே ரம்பத்தால் அறுத்தெடுத்த எலும்பு ஃபார்மலின் ஜாடியில் கிடந்தது. எக்ஸ்ரேயில் இடைவெளி அப்படியே பல்லிளித்தது. ஜாடியைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஏழாவது வாரம். செவ்வாய், பிற்பகல் 3:10. வராந்தாவில்...

டக், டக், டக்... சர்ர்ர்.

எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. துடைத்த தரையின் ஈரத்தில் மூன்று குளம்புத் தடம். பக்கத்தில் ஒரு கோடு.

கொட்டகைக்காரரிடம் ஓடினாள்.

"ஆடு ஏதாவது வெளியில வந்துச்சாண்ணே?"

"கொட்டகையே காலிம்மா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் கேட்டுச்சா?"

பயந்தாள். ஆனால் அடுத்த செவ்வாய் கதவைத் திறந்தே வைத்தாள்.

ஒவ்வொரு செவ்வாயும் வந்தது. ஒன்பதாவது வாரம் இழுப்பு குறைந்தது. பதினோராவது வாரம் நாலாவது கால் தரையைத் தொட்டது... மெதுவாக.

பன்னிரண்டாவது வாரம். 3:10.

டக். டக். டக். டக்.

நாலு.

வாசலில் நின்றது. மூச்சு கேட்டது...

"ஓட மாட்டேன்" என்றாள், சத்தமாக.

3:14. மூச்சு நின்றது.

ஜாடியோடு எக்ஸ்ரே அறைக்குப் போனாள். படத்தில் இடைவெளி இல்லை. செத்து ஆறு வாரமான எலும்பு, சேர்ந்திருந்தது.

"எலும்ப மாத்தி வெச்சியா?" என்றார் இயக்குநர்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் மேசையில் போட்டாள். அதே தகடு. அதே ஆறு திருகு.

"அளந்து பாருங்க சார்."

அளந்தார். மறுபடி அளந்தார். முகம் வெளிறியது.

ரம்பம் அறுத்த முனையும் வளர்ந்திருந்தது. பசையே வைக்காத முனை. ஒன்பது மில்லிமீட்டர். முழங்காலின் வளைவு தொடங்கியிருந்தது.

"எரிச்சிடு" என்றார்.

"மாட்டேன்."

அன்று மாலையே பெரிய ஜாடி ஒன்று வாங்கி வந்தாள்.