யாரும் திருப்பாத விண்கலம்

கோளரங்கத்தில் அவளை எல்லோரும் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குவிமாடத் திரையில் ஓடும் படங்களில் எந்த விண்கலம் எப்படிப் பறக்கும் என்று கணக்குப் போட்டுக் கணினிக்குச் சொல்வது அவள் வேலை. யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். தேநீரில் சர்க்கரை இல்லாவிட்டாலும் நன்றாயிருக்கிறது என்பாள்.

புதுப் படத்துக்கு மேலாளரே கதை எழுதினார். இரண்டு விண்கலங்கள். ஒன்று முதலில் வலப்பக்கம் வேகமெடுத்து, பிறகு மேல்நோக்கி வேகமெடுக்கும். மற்றது முதலில் மேலே, பிறகு வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் ஒளியின் வேகத்தில் முக்கால் பங்கு. கடைசியில் இரண்டும் ஜோடியாகப் பறக்க, வயலின் அழ வேண்டும்.

அவள் கணினித் திரையில் அவை ஜோடி சேரவில்லை. வேகம் ஒன்றுதான், திசை வேறு வேறு. போதாததற்கு மூக்கையும் கோணிக்கொண்டு பறந்தன. ஒரு வாரம் தன்னையே சந்தேகப்பட்டாள்.

“நீதான் எங்கயோ தப்பு பண்ணியிருப்பே,” என்றான் கணவன், கணக்கைப் பார்க்காமலே.

தப்பில்லை. அந்த வேகங்களைச் சாதாரணமாகக் கூட்டினால் ஒளியையே முந்திவிடும், அது நடக்காது. சார்பியல் முறைப்படி சேர்த்தாலோ, எது முதலில் என்பதைப் பொறுத்துத் திசை மாறும். தரையிலிருந்து பார்ப்பவருக்குக் கலமும் சற்றே சுழன்றிருக்கும்.

மேலாளர் வந்து பார்த்தார்.

“யாரும்மா இதைத் திருப்பினது?”

“யாரும் திருப்பல சார்.”

“யாரும் திருப்பாம எப்படி திரும்பும்?”

“ரெண்டு பக்கமா வேகம் சேர்ந்தா தானா திரும்பும் சார்.”

“சரி, நீ கையால நேராக்கிடு. வயலின் ரெக்கார்டிங் முடிஞ்சாச்சு.”

“மாட்டேன் சார்.” விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பொய்க்கணக்கு போட மாட்டேன். வேணும்னா பஸ் வேகத்துல ஓட்டுங்க. கோணல் கண்ணுக்கே தெரியாது!”

ஆத்திரத்தில் சொன்னாள். மேலாளரின் முகம் மலர்ந்துவிட்டது.

படம் பஸ் வேகத்திலேயே வெளிவந்தது. அடுத்த நட்சத்திரத்துக்குப் போய்ச்சேர ஏழெட்டுக் கோடி ஆண்டு ஆகும் என்பதால், கலங்கள் கடைசிவரை புறப்பட்ட இடத்துப் பக்கத்திலேயே ஜோடியாக ஊர்ந்தன. வயலின் தன் பாட்டுக்கு அழுதது. கைக்குழந்தைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நல்ல இருட்டு, குளுகுளு அரங்கம், பிள்ளை உடனே தூங்கிவிடும்.

ஆண்டு விழாவில், தொழில்நுட்பக் கோளாறைச் சரிசெய்ததற்காக அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

“ரெண்டு வார்த்தை பேசும்மா,” என்று மைக்கை நீட்டினார் மேலாளர்.

“கோளாறே இல்ல சார்,” என்றாள்.

என்ன அடக்கம் என்று அரங்கமே கைதட்டியது. முதலில் தட்டியவன் கணவன்.